இடப்பக்கம் இழுக்கும் வண்டி

அந்த வண்டிக்குள் உட்காருவதற்குத் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, ஒரு பெட்டிக்குள் இறங்குவதுபோல இறங்க வேண்டியிருந்தது. கூரை என் உச்சந்தலையை உரசியது. முன் கண்ணாடியின் உயரம் ஒரு சாண்தான். அதன் வழியே மயிலாப்பூரின் அந்தச் சந்து ஒரு பட்டையாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரின் கீழ்ப்பாதி, ஒரு ஸ்கூட்டரின் சக்கரம், நடந்து போகிறவர்களின் இடுப்பு. யாருக்கும் முகம் இல்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஷெட்டுக்குள் பழைய பெட்ரோல் வாசனையும் அந்துருண்டை வாசனையும் கலந்து அடித்தது.

வைதேகி டீச்சர் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும்.

"வெளில நின்னு பாத்தா உங்க மூஞ்சியே தெரியல்லே சார்" என்றார். "ஸ்டியரிங் மேல ரெண்டு கை மட்டும் தெரியறது. எங்காத்துக்காரர் ஓட்டறச்சேயும் அப்படித்தான். அந்தக் கைகளைப் பாக்கப் பயந்துண்டே நான் வாசலுக்கு வர்றதை விட்டுட்டேன்."

அவர் கணவர் ரங்கராஜன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நெஞ்சுவலி. இந்த வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடைசி ஆறு வருடம் அவர் இந்த ஷெட்டில்தான் கழித்திருந்தார்.

ஒரு வாசகியின் கடிதம்

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன் நான். ஜனங்கள் வாயில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. அந்த அனுபவங்களை இந்தப் பக்கங்களில் எழுத ஆரம்பித்த பிறகு கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் லைசென்ஸ் சந்தேகங்கள். டீச்சரின் கடிதம் வேறு மாதிரி இருந்தது.

'என் கணவர் தம் கையால் கட்டிய வண்டி ஒன்று எங்கள் ஷெட்டில் நிற்கிறது. மைத்துனர் மகன் அதை ஒரு கண்காட்சிக்கு ஓட்டிப் போகக் கேட்கிறான். கொடுக்கலாமா என்று நீங்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுப்பதற்கு அல்ல. வண்டியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.'

திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் எனக்கு ஒரு பஸ் தூரம். போனேன்.

வெள்ளைத் துணியை டீச்சர் உருவியபோது நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். மட்கார்டு இல்லை. பானெட் இல்லை. எஞ்சின் திறந்து கிடந்தது. மங்கிய கறுப்பு, பளபளப்பே இல்லாத கறுப்பு. கூரையை யாரோ மேலிருந்து அழுத்திவிட்டதுபோலத் தாழ்ந்திருந்தது. மூக்குத் தரையை நோக்கிக் குனிந்திருந்தது.

முன் சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

"அதையும் பாத்துக்கோங்கோ" என்றார் டீச்சர். "சாயங்காலம் நேரா வெச்சுட்டுப் போவார். காலம்பற வந்து பாத்தா இப்படித் திரும்பிண்டு நிக்கும். அவர் போனப்பறம் நானும் ரெண்டு மூணு தரம் நேரா வெச்சுப் பாத்தேன்."

"ஸ்பிரிங் பட்டையில் ஏதாவது இறுக்கம் இருக்கும். மெல்ல மெல்ல இளகும்போது சக்கரம் திரும்பும்" என்றேன்.

"அவரும் அதையேதான் சொன்னார். பட்டையை மாத்தினார். அப்புறம் ஸ்டியரிங்கை மாத்தினார், ஆக்சிலை மாத்தினார். மாத்தறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை. அது இன்னும் இடப்பக்கம்தான் திரும்பறது."

வெட்டிய கூரையின் கதை

இந்த மாதிரி வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். ரங்கராஜன் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவராக இருந்தார். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு, கல்லூரிப் பையனாக, அங்கே அட்டை கிழிந்த ஓர் அமெரிக்க மோட்டார் பத்திரிகையை வாங்கியிருக்கிறார். அதில் பார்த்த படம் அவரை விடவே இல்லை. அந்த வண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நாற்பது வருடம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். டீச்சர் எனக்கு அவற்றைக் காட்டினார்.

கலிபோர்னியாவில் தண்ணீர் வற்றிப் பாளமாகிப்போன ஏரிகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்கே இளைஞர்கள் பழைய கார்களை ஓட்டிவந்து யார் வேகம் என்று பார்த்தார்கள். புது வண்டிக்கு வழியில்லாதவர்கள். இருக்கிற வண்டியின் கனத்தைக் குறைத்தால் ஓடும் என்று மட்கார்டைக் கழற்றினார்கள், பானெட்டைக் கழற்றினார்கள். காற்று முட்டுகிறது என்று கூரையைத் தாங்கும் கால்களில் நாலு விரல் அளவு அறுத்தெடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கிப் பற்றவைத்தார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு சின்னக் கார் இதற்கு மிகவும் தோதாக இருந்தது. விலை மலிவு, எஞ்சின் பெரிது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர் பட்டாளத்தில் மெக்கானிக் வேலை கற்றவர்கள். அவர்கள் கையில் இது பெருகியது. பிறகு கம்பெனிகளே வேகமான கார்களைச் செய்ய ஆரம்பித்தன. கூரையை வெட்டத் தேவையில்லாமல் போனது. ஆனாலும் வெட்டுவது நிற்கவில்லை. அந்தத் தாழ்ந்த கூரை அழகு என்று ஆகிவிட்டிருந்தது.

இன்று தி.நகர் நடைபாதையில் விற்கும் பொம்மைக் கார்களைப் பாருங்கள். பலவும் இந்த வடிவம்தான். பையன்கள் பைக் டாங்கில் ஒட்டுகிற தீ நாக்கு, ஆட்டோவின் பக்கவாட்டில் மஞ்சளும் சிவப்புமாகப் பின்னோக்கிப் பறக்கிற தீ, எல்லாம் இந்த வண்டிகளின் மூக்கில் தீட்டிப் பிரபலமானவை. ஒட்டுகிறவருக்கு அது தெரியாது. தெரியாமலே கடல் தாண்டி வந்து, நம் தெருக்களில் எரிந்துகொண்டிருக்கிறது.

நோட்டில் ஒரு வரியை ரங்கராஜன் அடிக்கோடிட்டிருந்தார். ஹாட் ராட் என்பது ஒரு வண்டி அல்ல, செத்துப்போன பல வண்டிகள்.

"இதுல ஏழெட்டு வண்டி இருக்கு சார்" என்றார் டீச்சர். "கதவு ஒரு டாக்டரோட பழைய கார். எஞ்சின் எங்கேர்ந்தோ வந்தது. அடிச்சட்டம் ஏதோ ஜீப்போடதாம், புதுப்பேட்டை காயலான் கடைல கிடைச்சுதாம். ஒவ்வொண்ணையும் யார் ஓட்டினாளோ. இழுக்கறது எந்த வண்டின்னு எனக்குத் தெரியல்லே."

கணக்கு டீச்சர். விளையாட்டுக்குப் பேசுகிறவர் அல்ல. ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று நெளிந்தது. இருவருமே வண்டியைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

என் வாயில் வந்த வார்த்தை

ஓட்டிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன். அதற்கு ஆர்.சி. கிடையாது, தெருவில் இறக்கக்கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். சந்து முனை வரைக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. பேட்டரியை மைத்துனர் மகன் ஸ்ரீராம் மாற்றியிருந்தான். நடக்கிற வேகத்தில் வெளியே வந்தேன். முதல் ஐம்பதடிக்கு ஒன்றுமில்லை. ஸ்டியரிங் தேங்காய் எண்ணெய் போட்டதுபோலச் சுழன்றது.

சந்து முனையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் கீரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புடவையின் கீழ்ப்பாதிதான் கண்ணாடியில் தெரிந்தது. நான் மெல்ல பிரேக்கில் கால் வைத்தேன்.

ஸ்டியரிங் என் கையை மீறித் திரும்பியது.

உதறல் இல்லை, அதிர்ச்சி இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் கையை நீட்டி, என் கைகளின் மேல் தம் கைகளை வைத்து, நிதானமாக இடப்பக்கம் திருப்பியது மாதிரி இருந்தது. பலம் கொண்ட மட்டும் வலப்பக்கம் இழுத்தேன். வண்டி தள்ளுவண்டியின் சக்கரத்தில் இடித்து நின்றது. அந்தப் பெண் பின்னால் துள்ளியிருந்தாள்.

"யோவ், கண்ணு இன்னா பின்னாடியா கீது? ஆளு நிக்கிறது தெர்ல?" என்று கத்தினாள்.

நான் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன்.

"நான் திருப்பல அம்மா" என்றேன். "வண்டி என் கையைப் பிடிச்சு இழுத்துச்சு."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. அது என் வார்த்தை இல்லை. வேறொருவர் என்னிடம் சொன்னது. முப்பது வருடத்துக்கு முன்னால், அழுதுகொண்டே சொன்னது.

கன்னியப்பன்

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய அகலம் இல்லை. கொட்டிவாக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியின் மஞ்சள் ஜீப் சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கி, பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண்ணின் மேல் ஏறிவிட்டது. சாப்பாட்டுக் கேரியரோடு வேலைக்குக் கிளம்பி நின்றவள். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

டிரைவர் கன்னியப்பன். முப்பத்தைந்து, நாற்பது வயது. குடித்திருக்கவில்லை.

விபத்து நடந்த வண்டியில் இயந்திரக் கோளாறு இருந்ததா என்று பார்த்து அறிக்கை தருவது எங்கள் வேலை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஜீப் நின்றது. முந்தின நாள் மழை. அடியெல்லாம் சேறு. அன்று மதியம் தி.நகரில் முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் காத்திருந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் போய்ப் படுக்கவில்லை.

கன்னியப்பன் ஒரு கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் திருப்பல சார். பிரேக் அடிச்சேன், வண்டி என் கையப் புடிச்சு இசுத்துச்சு சார்."

எல்லா டிரைவர்களும் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். 'இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதினேன். கோர்ட்டிலும் கூண்டில் ஏறி, வண்டியின் பதிவு எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் அந்த வரியையும் வாசித்தேன். கன்னியப்பன் ஜெயிலுக்குப் போனார். நான் புடவை எடுத்த கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். அந்தக் கடையை மாற்றிக்கொண்டேன்.

பென்சில்

வண்டியைத் தள்ளி ஷெட்டில் விட்டதும் டீச்சரிடம் ஒரு தாளும் பென்சிலும் கேட்டேன்.

ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்டத்திலும் ஓர் எண் குத்தியிருக்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் எழும்பி வரும். நாங்கள் ஆயிரக்கணக்கில் செய்த வேலை. எண் இருந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் தடித்திருந்தது. தடவியபோது விரலுக்குப் பள்ளம் தெரிந்தது.

தேய்த்தேன். தாளில் முதலில் வெறும் கருமை. பிறகு ஒரு வளைவு. பிறகு ஒரு கோடு. ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. கடைசி நான்கு எண்கள் வருவதற்கு முன்பே அவை என்ன என்று என் உதடு சொல்லிவிட்டது.

"என்ன சார், வேர்த்துக் கொட்டறது? ஜலம் வேணுமா?"

"நாளைக்கு வருகிறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். கன்னியப்பன் ஓட்டிய ஜீப்பின் அதே எண். முந்தைய பக்கங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் கிடைத்தது. விபத்துக்கு ஐந்து மாதம் முன்பு அதே ஜீப்புக்கு 'ஓடத் தகுதியானது' என்று சான்று கொடுத்தவனும் நான்தான். அன்றும் அடியில் படுத்திருக்க மாட்டேன். ஞாபகம்கூட இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். மறுநாள் போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 'வண்டி ஆபத்தானது, உடைத்துப் போட்டுவிடுங்கள்' என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். டீச்சருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

காலையில் ஸ்ரீராம் போன் பண்ணினான்.

"அங்கிள், பெரிம்மா உங்களைக் கூப்பிட்டதா சொன்னா. ஒண்ணும் பயம் வேண்டாம். நான் ஏற்கெனவே ஒரு ஒர்க் ஷாப்ல காட்டிட்டேன். டிஃபெக்ட் எதுவும் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை கார்த்தால ஈ.சி.ஆர்.ல எடுத்துண்டு போறேன்."

"அவங்க வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தாங்களா?"

"அது தெரியல அங்கிள். பத்து நிமிஷத்துல குடுத்துட்டாங்க."

பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தேனாம்பேட்டையில் தாஸ் என்று ஒரு மெக்கானிக், என்னைவிட பத்து வயது சின்னவர். அவரையும் அழைத்துக்கொண்டேன்.

மஞ்சளுக்கு அடியில்

ஜாக்கி கொடுத்து, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்கினோம். தாஸ் வேண்டாமென்று தடுத்தும் நான்தான் அடியில் போய்ப் படுத்தேன்.

இடப்பக்க முன் சக்கரத்துக்குப் பின்னால், ஸ்பிரிங் பட்டை அடிச்சட்டத்தோடு சேருகிற மூலை. கை நுழையாத இடம். ரங்கராஜன் மற்ற இடங்களையெல்லாம் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டுத்தான் பெயின்ட் அடித்திருந்தார். இங்கே மட்டும் சுரண்டாமலே கறுப்பை அடித்துவிட்டிருந்தார். நீளமான உளியால் சுரண்டினேன். கறுப்பு உதிர்ந்தது. அதற்குக் கீழே மஞ்சள்.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். என் முகத்துக்கு அரை அடி மேலே, முப்பது வருடம் கழித்து, அது புதுசாக இருந்தது. எங்கோ ஒரு சொட்டு எண்ணெய் என் கன்னத்தில் விழுந்தது. அடிச்சட்டம் முழுவதும் மெல்ல ஒரு முனகல் கேட்டது. ஜாக்கியில் நிற்கிற எந்த இரும்பும் முனகும். தெரிந்தும் உளியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார் ஆச்சு? வெளிய வந்துரு சார், நான் பாத்துக்கறேன்" என்றார் தாஸ்.

நான் மஞ்சளையும் சுரண்டினேன்.

அடியில் ஒட்டு. விரல் அகலத்துக்கு ஒரு தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். தகட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு பிளவு. உள்ளே பழந்துரு. தாஸை மேலே ஏறி பிரேக்கை மிதித்து வண்டியை ஆட்டச் சொன்னேன். பிளவு வாய் திறந்தது. இடப்பக்க சக்கரம் பின்னால் நகர்ந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

தாஸ் இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மஞ்ச பெயின்ட்டுக்கு முன்னாடியே ஒட்டு போட்டுக்கீறானுங்க சார். ஜீப்பா ஓடும்போதே இது கீது."

அதாவது விபத்தில் உண்டான உடைசல் அல்ல. விபத்தை உண்டாக்கிய உடைசல். நான் சான்று கொடுத்த அன்றும், 'கோளாறு இல்லை' என்று எழுதிய அன்றும் அது அங்கே இருந்தது.

வெளியே வந்து, தரையில் உட்கார்ந்தபடியே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா இதைத்தான் அவர் தேடிண்டிருந்தார்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்த டிரைவரைப் போய்ப் பாக்கணும் நீங்க."

"பார்க்கிறேன் டீச்சர்."

"எப்போ?"

வீட்டுப்பாடம் செய்யாத பையனைக் கேட்கிற குரல். "இந்த வாரம்" என்றேன்.

அந்த அடிச்சட்டத்தைத் தாஸ் அறுத்து எடுத்துவிட்டார். ஒட்டு இருந்த துண்டை மட்டும் தனியாக என்னிடம் கொடுத்தார். ஸ்ரீராம் வேறொரு சட்டம் தேடிக்கொண்டு வந்தான். அதன்மேல் அந்தத் தாழ்ந்த கூரை இப்போது உட்கார்ந்திருக்கிறது. ரோட்டில் ஓட்ட மாட்டேன், லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவேன் என்று பெரியம்மாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறான். டீச்சர் போனில் சொன்னார்: "சக்கரம் இப்போ நேராவே நிக்கறது சார். அதைப் பாத்தாலும் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு."

கொட்டிவாக்கம்

பழைய கோர்ட் தாளில் இருந்த முகவரியில் அவர்கள் இல்லை. விசாரித்து விசாரித்து, கடலைப் பார்த்து இறங்குகிற ஒரு தெருவில் கண்டுபிடித்தேன். கன்னியப்பனின் மகள் செல்வி வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள். அவர் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "பிரேக் இன்ஸ்பெக்டரு சாரு" என்றார்.

அந்த இரும்புத் துண்டைக் கையில் கொடுத்தேன். எதற்கு என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளவில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நீ கீழ பூந்து பாக்கலன்னு. உன் சட்டைல ஒரு அழுக்கு இல்ல சார்."

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

"கோர்ட்டில் அதைச் சொல்லியிருக்கலாமே?"

"வண்டி இசுத்துச்சுன்னு சொன்னதையே யாரும் கேக்கல. சட்டையப் பத்தி சொன்னா கேப்பாங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "உள்ள போயி ஒரு வருசம் ஆனப்புறம், நான்தான் திருப்பிட்டனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு சார். என் கையப் பாத்தாலே பயமா இருக்கும். வெளிய வந்து ஒரு சைக்கிள்கூடத் தொடல. கொழந்தையத் தூக்க மாட்டேன். இந்தக் கை எப்ப இன்னா செய்யும்னு யாருக்குத் தெரியும்?"

என் அறிக்கை தவறு, வண்டியில்தான் கோளாறு இருந்தது, நான் அடியில் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். இதை வைத்துக் கோர்ட்டில் என்ன செய்ய முடியும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறேன், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

அவர் தாளை வாங்கவில்லை.

"எனக்கு வேணாம் சார். இரும்பப் பாத்துட்டேன், போதும். அவளுக்குப் படிச்சுக் காட்டு. இஸ்கூல்ல அவளை இன்னான்னு கூப்புட்டாங்க தெரியுமா? பொம்பளயக் கொன்னவன் பொண்ணு."

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாசித்தேன். கோர்ட்டில் கணீரென்று வாசித்த குரல் அன்று அந்த அறையைத் தாண்டவில்லை. முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. வாசலுக்குப் போய், பாதி சாத்தியிருந்த கதவை முழுக்கத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கிழவி கையை நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி படி சார்" என்றாள் செல்வி. "கொஞ்சம் சத்தமா."